வாய் மரத்திருந்த நேரம்

மார்ச் 3

அன்புள்ள சின்னுவுக்கு,

நலம். நீயும் நலம்தானே என்று கேட்க எனக்கு வாயில்லை, இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

பிரிந்து ஆறு வருடம் கழித்துப் பல்லுக்காக எழுதுகிறேன். கடைவாய்ப் பல் இரண்டும் போய்விட்டன. ஒரு பக்கமாகவே மென்று தாடை கழன்றுவிடும் போலிருக்கிறது. இங்கே எட்டு மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள். உங்கள் மருத்துவமனையில் சீக்கிரம் கட்டிவிடுவார்கள் என்று உன் தம்பி சொன்னான். நீ இருக்கும் நாட்டுக்கு நான் வரலாமா? புருஷன் என்று சொந்தம் கொண்டாட மாட்டேன்.

இப்படிக்கு,
வெல்டர்

மார்ச் 15

வெல்டர் அவர்களுக்கு,

டாக்டரம்மாவிடம் பேசினேன். முழு வாய்க்கும் எக்ஸ்ரே எடுத்து அனுப்புங்கள். சர்க்கரை உண்டா என்று மறைக்காமல் எழுதுங்கள். சிகரெட்டை இன்றே விட வேண்டும்.

இரண்டு தடவை வர வேண்டியிருக்கும். ஏப்ரல் 10 அன்று எலும்பில் திருகு வைப்பார்கள். அது ஆற மூன்று மாதம். பிறகுதான் பல். முதல் நாள் துணைக்கு ஒருவர் இருக்க வேண்டும். உங்களுக்கு இங்கே வேறு யார்? நானே இருக்கிறேன். ஊசியைக் கண்டு பாதியில் ஓடி என் மானத்தை வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
வரவேற்பு மேசையிலிருந்து

ஏப்ரல் 28

அன்புள்ள சின்னுவுக்கு,

வீக்கம் வடிந்துவிட்டது. குழைந்த சோறு சாப்பிடுகிறேன்.

திருகு வைத்த அன்று பாதி முகம் மரத்து, வாய் நிறையப் பஞ்சோடு கிடந்தேன். நீ நாற்காலியை இழுத்துப் போட்டு ஆறு வருடத்தையும் கொட்டினாய். "அம்மா போன அன்னிக்கு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க வரல." நர்ஸ் எட்டிப் பார்த்து, "அவரப் பேச வைக்காதீங்க" என்றாள். "அவர் எங்க பேசறாரு, நான்தான் பேசறேன்" என்றாய்.

விடுப்பு கிடைக்கவில்லை என்று அப்போது எழுதினேனே, அது பொய். கிடைத்தது. பெட்டிகூடக் கட்டினேன். உன் அம்மா படுக்கையில் கிடந்த மூன்று மாதமும் எட்டிப் பார்க்காதவன், எந்த முகத்தோடு வருவது என்று பயந்து அறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று மட்டும் வாய் திறக்க முடிந்திருந்தால், இன்னொரு சாக்கு சொல்லியிருப்பேன்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. உண்மையைச் சொல்ல நினைத்தேன்.

இப்படிக்கு,
நான்தான்

மே 9

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை மதிய இடைவேளையில் எக்ஸ்ரே அறைக்குள் நின்று படித்தேன். கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு நன்றாகப் பசித்தது.

விடுப்பு கிடைத்தது எனக்கு அப்போதே தெரியும். அம்மா போன மறுநாள் உங்கள் சூப்பர்வைசர் போன் செய்து, "வந்து சேந்துட்டாராம்மா?" என்று விசாரித்தார். சேர்ந்துவிட்டார் என்று சொல்லி வைத்தேன். நீங்களாக ஒருநாள் சொல்வீர்கள் என்றுதான் இத்தனை வருடமும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டீர்கள். போதும்.

அடுத்தது ஜூலை 14. கத்தி கிடையாது, அளவெடுத்துப் பல்லைப் பொருத்துவதுதான். நிறத்தை நானே தேர்ந்தெடுத்துவிட்டேன். உங்களிடம் விட்டால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி கேட்பீர்கள். விமான நிலையத்துக்கு நானே வருகிறேன். விமானம் தாமதமானாலும் அங்கேயே இருப்பேன்.

சின்னு