நூர்க்கவும்

ஆவணி 9, புதன்.

வாவிக்கரை ஓடுபாதையில், விமானத்துக்கு எண்ணெய் ஏற்றும் இடத்தில், 'கைப்பேசிகளை அமர்த்தவும்' என்று மேலாளர் பலகை வைத்தபோதே சொன்னேன். அமர்த்தினால் சத்தம் மட்டும்தான் போகும், 'நூர்க்கவும்' என்று எழுதுங்கள், விளக்கை நூர்ப்பதுபோல முழுதாய் அணைப்பார்கள் என்று. அது நாட்டுப்புறப் பேச்சாம், பலகைக்கு ஆகாதாம்.

இன்று எண்ணெய்க் குழாயருகே வந்து நின்ற பயணியின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. உடனே குழாயை மூடினேன்.

"அமத்தித்தானே வெச்சிருக்கன் ஐயா!"

"நெருப்புக்குக் காது இல்ல தம்பி. நூருங்க."

விமானம் பிந்துகிறதென்று மேலாளர் ஓடிவந்தார். "உங்கள வேலையால நிப்பாட்டிப் போடுவன், பெரியவர்!" ஏசும்போதே அவருடைய சட்டைப்பையிலும் போன் அதிர்ந்தது.

"அமத்தித்தான்..." என்று இழுத்தார். விமானத்தருகே காத்து நின்ற விமானி விழுந்து விழுந்து சிரித்தார்.

மேலாளர் நூர்த்த பிறகுதான் குழாயைத் திறந்தேன். பின்னேரம் பலகையில் 'நூர்க்கவும்' என்று சிவப்பு மையால் எழுதினேன். ஒருவரும் மறிக்கவில்லை.