சவுரியைத் திருப்பி வாங்கினேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கையை முத்தமிட்டு மகள் கெர்கினா எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

நாங்கள் கூலிக்கு வந்த திரேஸ் சமவெளியில் கோதுமை அறுப்பு பாதி முடிந்தது. செவ்வாயன்று சின்ன விஷயம் ஒன்று நடந்தது. மற்றவர்கள் பெரிதாக்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். என் அறுப்பு மெதுவாம்; கங்காணி தோத்ரி என் பின்னலைப் பிடித்து வரப்பு நெடுக இழுத்தான். என் சீப்பில் உதிர்ந்ததையெல்லாம் பத்து வருஷம் சேர்த்து நீ பின்னிய சவுரி அவன் கையோடு போனது.

"குடுத்துடு" என்றேன்.

"உன் முடி என் கையில இருக்கு. இதை அடுப்புல போட்டா நீ பைத்தியமா அலைவடி" என்று சிரித்தபடி, பீன்ஸ் கொதித்த அடுப்பை நோக்கி நடந்தான்.

என் கையில் கதிர் அரிவாள் இருந்தது, அம்மா. சவுரி கிடைத்துவிட்டது. அதைப் பிடித்திருந்த இரண்டு விரல்களும் கூடவே வந்தன. பக்கத்தில் அறுத்த நெடா அக்கா அவற்றைப் பிரித்தெடுத்து, "இந்தாங்க, உங்களோடது" என்று அவனிடமே நீட்டினாள்.

எத்தனை அலசியும் கறை போகவில்லை. சுவர்ப் பொந்தில் நீ செருகி வைத்திருக்கும் என் முடியில் புதிதாகப் பின்னி அனுப்பு. போதாவிட்டால் உன் முடியையும் கலந்துகொள். நீ என் முதுகோடு இருப்பதுபோல் இருக்கும்.

குதிரைப் போலீஸ் வந்து என் பெயரைக் கேட்கிறார்கள். பொட்டலத்தை எங்கே அனுப்புவதென்று நெடா அக்கா எழுதுவாள். சிறையில் என் தலையை மழித்தால், ஒரு இழை விடாமல் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

கெர்கினா