பங்காளி சம்பந்தி ஆன கதை

அன்பு மகன் சன்ஜாருக்கு அம்மா எழுதுவது. நாங்களும் ஆடுகளும் குதிரைகளும் சுகம், அல்லாஹ் அருளால் நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். உன் தங்கை கம்ஷாத்துக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை யார் தெரியுமா, பக்கத்து மேய்ச்சல் நிலத்துத் தோலெகனின் மகன் எல்டோஸ். அவர்கள் நம் பங்காளிகள் ஆயிற்றே என்று நீ வாயைப் பிளப்பது எனக்கு இங்கேயே தெரிகிறது. அதனால்தான் குளிர்காலம் முழுக்க வீடு ரணகளம். ஏழு தலைமுறைக்குள் பெண் கொடுக்கக் கூடாது, நமக்கோ ஐந்தாவது பாட்டனிலேயே இரண்டு குடும்பமும் ஒன்றாகிவிடுகிறது. "அண்ணனுக்கே தங்கச்சியக் கட்டிக் குடுக்கச் சொல்றியா?" என்று உன் அப்பா குதித்தார், கம்ஷாத் எல்டோஸைத்தான் கட்டுவேன் என்று சாப்பிடாமல் கிடந்தாள்.

அப்போதுதான் ஷோல்பான் அத்தை ஒரு வழி சொன்னாள். "எல்டோஸோட கொள்ளுத்தாத்தா பஞ்சத்துல நம்மாளுங்க எடுத்து வளத்த பிள்ளைதானே, ரத்தமே வேற, அப்புறம் என்ன தடை?" என்றாள். நானும் அப்பாடா என்று நினைத்தேன், ஆனால் தோலெகன் முகம் கறுத்துவிட்டது. "அப்ப இத்தன நாளா நான் யாரு, அக்கா? கல்யாணமே வேணாம், என் குலத்த விட மாட்டேன்" என்று எழுந்துவிட்டார். உன் அப்பா கதவை மறித்துக்கொண்டு, "உக்காருடா, உன்ன வேத்தாள்னு சொல்ற வாய் இந்த வீட்ல கிடையாது" என்று அழுதேவிட்டார். பங்காளி என்று கட்டிப்பிடித்தாயிற்று, அதோடு கல்யாணமும் போயிற்று.

நான்கு நாள் கழித்து உன் அப்பா திடீரென்று, அந்தக் காலத்தில் குலம் பெருத்தால் வெள்ளைக் குதிரை அறுத்து எல்லோரும் கூடிச் சாப்பிட்டு இரண்டாகப் பிரிந்து பெண் கொடுத்து வாங்குவார்களே, நாமும் பிரிவோம் என்றார். குலத்துப் பெரியவர்களும் சரி என்றார்கள். வெள்ளைக் குதிரைக்கு எங்கே போவது? நம்முடையது புகை நிறம், காது இரண்டும் பழுப்பு. அதை முற்றத்தில் நிறுத்தி, "இது வெள்ள. யாருக்காவது சந்தேகமா?" என்றார். எல்லோரும் வெள்ளைதான் என்று தலையாட்டினார்கள், பசி வேறு. சாப்பிட்டுக் கை துடைத்த தோலெகன் உன் அப்பாவை "சம்பந்தி" என்று கூப்பிட்டார், கம்ஷாத் வெட்கப்பட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

குலம், உறவு எல்லாம் மனிதர்கள் கட்டியதுதான் என்று உன் படிப்பில் சொல்லித் தருவதாக நீ சொன்னபோது என் கையிலிருந்து போனைப் பிடுங்கி வைத்தவர் உன் அப்பாதானே. இப்போது கேட்டால், "அவன் சொன்னது சரிதான், ஆனா அதக் கட்டறதுக்கு எத்தன பேர் கூடி உக்காந்து சாப்பிடணும்னு அவனுக்குச் சொல்லித் தரலையே" என்கிறார்.

அங்கே குளிரில் தொப்பி இல்லாமல் திரியாதே, வேளைக்குச் சாப்பிடு. இலையுதிர் காலத்தில் கல்யாணம், மறக்காமல் விடுப்பு கேள். அந்தக் குதிரைக் கறியை நம் வீட்டில் நீ மட்டும்தான் இன்னும் சாப்பிடவில்லை. உன் பங்கு உப்பிட்டுத் தொங்குகிறது. அப்பா கணக்குப்படி எல்டோஸ் உனக்கு இன்னும் பங்காளிதான், வந்து சாப்பிட்டு அவனை மச்சான் ஆக்கிவிட்டுப் போ.

நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவுக்காக வாசலைப் பார்த்திருக்கும் அம்மா,
ராய்கான்