அல்போன்சாவின் பெயரில் ஒரு பூஞ்சை

ஒட்டாவா,
9.3.1997

அன்புள்ள அல்போன்சா,

நலம்தானே? இங்கே மார்ச் மாதத்திலும் பனி கொட்டுகிறது. ரமா வைக்கும் ரசத்துக்கு ஏற்ற பருவம் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். மகள் அனன்யாவுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. எனக்குத் தமிழில் கடிதம் போடுகிறவர் இப்போது நீங்கள் ஒருவர்தான்.

ஒரு காரியமாக எழுதுகிறேன். சிறு பைக்குள் வித்து வைக்கும் பைப் பூஞ்சைகளில், ஒரு பேரினத்துக்கு ஒரே ஓர் இனம் என்று தனியாக நிற்பவற்றை யாரும் சீந்துவதில்லை. எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்று தெரியாமல், புத்தகத்தின் கடைசியில் 'இடம் தெரியாதவை' என்ற பட்டியலில் தள்ளிவிடுவார்கள். அவற்றை வகைப்படுத்தும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. பட்டியலில் நம்முடையதும் இருக்கிறது. மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டெதிரே இருந்த செண்பக மரத்தின் காய்ந்த குச்சியில் எடுத்தோமே, ஓரமெல்லாம் கறுப்பு ரோமம் வைத்த குட்டிக் கிண்ணம். நான் விவரித்தேன், நீங்கள் வரைந்தீர்கள், உங்கள் பெயரையே வைத்தோம். அந்த ஒரு குச்சியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் யாரும் அதைப் பார்க்கவில்லை.

கல்லூரியில் அந்தக் குச்சி இருக்கும் மூலப் பொட்டலம் உங்கள் பொறுப்பில்தானே இருக்கிறது? குச்சியில் பாதியை அனுப்பினால் அதற்கு ஒரு குடும்பம் தேடிக் கொடுத்துவிடுவேன்.

அன்புடன்,
ஸ்ரீகண்டன்


அடுகோடி, பெங்களூர்,
2.4.1997

மதிப்புக்குரிய ஸ்ரீகண்டன் சாருக்கு,

கிறிஸ்துமஸுக்கு எதிர்பார்த்த கடிதம் மார்ச்சில், காரியத்தோடு வந்தது. கோபமில்லை, சும்மா சொல்கிறேன். அம்மா போன பிறகு வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. ரேடியோவில் கன்னடச் செய்தி முடிந்ததும் தமிழ்ச் செய்தியும் கேட்கிறேன். இரண்டும் ஒரே செய்திதான்.

பொட்டலம் பத்திரமாக இருக்கிறது. மாதாமாதம் அந்துருண்டை மாற்றுகிறேன். அட்டெண்டர் கிருஷ்ணப்பா, "ஒரு காஞ்ச குச்சிக்கு இவ்ளோ உபசாரமா? சாகு, போதும் விடுங்கம்மா" என்கிறார். அடுத்த வருடம் எனக்கு ஓய்வு. அதற்கப்புறம் யார் மாற்றுவார்களோ தெரியவில்லை.

பாதியை அனுப்பத்தான் வேண்டுமா? தபாலில் உதிர்ந்துவிடும். இத்தனை வருடம் இடம் தெரியாமலே இருந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் அப்படியே இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

ரமா அவர்களையும் அனன்யாவையும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
அல்போன்சா


ஒட்டாவா,
20.7.1997

அன்புள்ள அல்போன்சா,

மூன்று முறை கேட்டுவிட்டேன். நீங்கள் பெங்களூர் மழையைப் பற்றியே எழுதுகிறீர்கள். குச்சியைப் பூச்சி அரித்துவிட்டதா? அப்படியென்றால் சொல்லிவிடுங்கள், திட்ட மாட்டேன்.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. நம் படத்தைப் பார்த்த ஒரு ஜெர்மன்காரர், அந்தக் கிண்ணத்தில் அந்த ரோமம் முளைக்கவே முடியாது என்கிறார். 'அல்போன்சா பார்க்காததை வரைய மாட்டார்' என்று பதில் போட்டேன். குச்சி வந்தால் அவர் வாயை அடைத்துவிடலாம். வராவிட்டால் அவரே கல்லூரிக்கு எழுதி வாங்கிவிடுவார்.

அன்புடன்,
ஸ்ரீகண்டன்


அடுகோடி, பெங்களூர்,
11.8.1997

ஸ்ரீகண்டன் சாருக்கு,

பாதிக் குச்சியைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் பார்ப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மன்காரர் சொல்வது சரி. அது ஒன்றல்ல, இரண்டு. கிண்ணம் ஒரு பூஞ்சை, ரோமம் அதன் மேல் ஏறி வளர்ந்த வேறொன்று. இரண்டுமே ஏற்கெனவே பெயருள்ள, எங்கும் கிடைக்கிற சாதாரணப் பூஞ்சைகள். படம் வரையும்போதே எனக்குத் தெரியும். கிண்ணமே இல்லாத இடத்தில், வெறும் பட்டையில், அதே ரோமம் முளைத்திருந்தது. அதைக் கிண்ணத்தின் ஓரத்தோடு சேர்த்தது என் பேனாதான்.

பெயருக்கு ஆசைப்பட்டுச் செய்யவில்லை. சொல்லியிருந்தால் அந்த வேலை அன்றோடு முடிந்திருக்கும். சனிக்கிழமைகளில் எல்லோரும் போன பிறகு ஒரே மைக்ராஸ்கோப்பில் மாறி மாறிப் பார்ப்போமே, அதுவும் முடிந்திருக்கும். எனக்கு அந்தச் சனிக்கிழமைகள் வேண்டியிருந்தன. உங்களை எனக்குப் பிடித்திருந்தது. இந்த வயதில் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கடைசியில் அந்தப் பூஞ்சையைப் பற்றி எழுதிய கட்டுரையைக் காட்டித்தான் உங்களுக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. நீங்கள் இங்கேயே இருக்க வேண்டும் என்று நான் போட்ட கோடு உங்களை அனுப்பி வைத்துவிட்டது. நினைத்து நினைத்துச் சிரித்திருக்கிறேன், தனியாகத்தான்.

உண்மையை எழுதுங்கள். வரைந்தவள் ஏமாற்றினாள் என்றே போடுங்கள்.

அல்போன்சா


அடுகோடி, பெங்களூர்,
6.2.1999

ஸ்ரீகண்டன் சாருக்கு,

உங்கள் கட்டுரை நேற்று வந்தது. கடிதம் இருக்குமென்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். உறையைப் பிரித்து உள்பக்கமும் பார்த்தேன். ஒன்றரை வருடமாக ஒரு வரி இல்லை.

இது இரண்டு பூஞ்சைகளின் கலப்பு, இனி இந்தப் பெயர் செல்லாது என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் கீழே, 'தவறு முழுக்க என்னுடையது. ஓவியர் நான் காட்டியதையே வரைந்தார்' என்றும் இருக்கிறது. அது பொய், சார். என் பொய்யை மறைக்க நீங்கள் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு நன்றி. கடிதம் ஏன் இல்லை என்பதும் எனக்குப் புரிகிறது. இதற்கும் பதில் வேண்டாம்.

ஓய்வு பெற்றுவிட்டாலும் இன்று கல்லூரிக்குப் போய்ப் பொட்டலத்தில் திருத்தச் சீட்டு ஒட்டிவிட்டு வந்தேன். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது, மறைக்கவும் கூடாது, புதியதைக் கீழேதான் ஒட்ட வேண்டும். புதுச் சீட்டில் இரண்டு பூஞ்சைகளின் பெயரையும் தனித்தனியாக எழுதினேன். மேலே பழைய சீட்டு, உங்கள் கையெழுத்தில்: 'சேகரித்தவர்கள்: ஸ்ரீகண்டன், அல்போன்சா. 18.11.1978, சனிக்கிழமை.' அதை இனி யாரும் எடுக்கக் கூடாது.

கிருஷ்ணப்பாவிடம் அந்துருண்டைப் பொட்டலத்தைக் கொடுத்து, மாதம் ஒரு முறை மாற்றச் சொன்னேன். "இன்னும் அந்தக் குச்சிக்கா?" என்றார்.

"ஆமாம், அந்தக் குச்சிக்குத்தான்" என்றேன்.

இப்படிக்கு,
அல்போன்சா