‘ஆனா’வோடு நின்ற வாக்கியம்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் ஒன்று, மதியம் ஒன்று. இன்று இரண்டு வாக்கியங்கள் பாதியில் போயின.

நடப்பது இதுதான். தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்ததிலிருந்து எனக்குக் குரல் இல்லை. பேச்செல்லாம் போனில். செயலியில் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது. அதில் தட்டி, ‘பேசு’ என்பதைத் தொட்டால் ஓர் ஆண் குரல் வாசிக்கும். என்னைவிட மிகவும் இளைய குரல். எதையும் செய்தி வாசிப்பதுபோலவே வாசிக்கும். ‘டீ ஆறிப்போச்சு’ என்பதைக்கூட எங்கோ அணை உடைந்ததுபோலச் சொல்லும். என் மனைவி அதற்கு ‘உங்க தம்பி’ என்று பேர் வைத்திருக்கிறாள். “உங்க தம்பி ஏதோ சொன்னானே, என்ன?” என்று சமையலறையிலிருந்து கேட்பாள்.

அதே செயலிதான் நினைவூட்டும் வேலையும் செய்கிறது. மூச்சுக்காகக் கழுத்தில் பொருத்திய குழாயைச் சுத்தம் செய், தண்ணீர் குடி, மூச்சுப் பயிற்சி செய். மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளர் அமைத்துக் கொடுத்தது. போனை அணைக்கவே கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். நேரம் வந்தால் திரையின் உச்சியில் ஒரு பட்டை இறங்கி மணி அடிக்கும். தொட்டால்தான் ஓயும். தொட்டதும் செயலி புதிதாகத் திறக்கும். பெட்டி காலி. நான் தட்டிக்கொண்டிருந்தது எங்கே போயிற்று என்று தெரியாது.

மனைவியிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். “நீங்க எதையாச்சும் தொட்டிருப்பீங்க” என்றாள். தொட்டேன்தான். தொடச் சொல்லித்தானே அது கத்துகிறது.

முதலில் சிலேட்டு வைத்திருந்தோம். கை வேலையாக இருப்பவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து படிப்பதற்குள் எழுதியது பழசாகிவிடும். குரல் என்றால் சுவரைத் தாண்டிப் போகிறது. அதனால் தம்பிதான்.

நிருபராக இருந்தவனுக்கு வெட்டு புதிதல்ல. ஆனால் பத்திரிகையில் இடம் போதாவிட்டால் கடைசிப் பத்தியைத்தான் வெட்டுவார்கள்.

பிப்ரவரி 4, புதன்

மூச்சுப் பயிற்சி செய்தேன். எழுத வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

பத்திரிகை ஆசிரியர் அழைத்தார். இப்போது எல்லோரும் மனைவியின் எண்ணுக்குத்தான் அழைக்கிறார்கள். அவள் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

“கோர்ட் செய்தி அவருக்காகத்தான் காலியா வெச்சிருக்கேன். அங்க வாய்க்கு வேலை கம்மி, உக்காந்து கேட்டு எழுதினாப் போதும். அடுத்த வெள்ளிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இல்லேன்னா விளையாட்டுப் பக்கத்துல இருக்கானே, அவனைத்தான் அனுப்பணும்.”

“கேட்டுக்கிட்டுத்தான் இருக்கார் சார்” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

தட்ட ஆரம்பித்தேன். பாதியில் பட்டை இறங்கியது. தண்ணீர் குடிக்கும் நேரம். மணிச் சத்தம் ஆசிரியருக்கும் கேட்டிருக்கும். பதறிப்போய்த் தொட்டேன். பெட்டி காலி. அந்தப் பக்கம் “ஹலோ, இருக்கீங்களா?” என்றார். மறுபடி முதலிலிருந்து தட்ட விரல் வரவில்லை. கையை அசைத்தேன், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்பதுபோல.

“யோசிச்சுச் சொல்றோம் சார்” என்று வைத்துவிட்டாள்.

நான் அசைத்த கை அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

பிப்ரவரி 8, ஞாயிறு

மைத்துனி வந்திருந்தாள். வாசலிலிருந்தே, “அத்தான், நல்லா இருக்கீங்களா?” என்று தெருவுக்கே கேட்கும்படி.

“ஏண்டி கத்தறே? அவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது” என்றாள் என் மனைவி.

“ஆமால்ல.” அரை நிமிடம் மெதுவாகப் பேசினாள். பிறகு, “அத்தான், காப்பி குடிச்சாச்சா?” பழையபடி.

அப்புறம் இருவரும் என்னைப் பற்றிப் பேசினார்கள். நான் எதிர் நாற்காலியில் இருக்கிறேன். ஓர் அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அலமாரியை எங்கே நகர்த்தலாம் என்று பேசுவதுபோல.

“வேலைக்கெல்லாம் எதுக்குக்கா அனுப்பறே? கழுத்துல இதை வெச்சுக்கிட்டு நாலு பேர் நடுவுல போய் உக்காரணுமா?”

“நான் எங்கடி அனுப்பறேன். அவருக்கே இஷ்டம் இல்ல போல. கேட்டா கையை ஆட்டறார்.”

போனை எடுத்துத் தட்டினேன். இரண்டு பேரும் கொஞ்சம் காத்திருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். பட்டை இறங்கியது. குழாயைச் சுத்தம் செய்யும் நேரம். தொட்டேன். போயிற்று. போனை மடியில் வைத்துவிட்டேன்.

“பாத்தியா, எழுதறார், அழிச்சுடறார். தினம் இதேதான்” என்றாள் மனைவி. கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள்.

அவள் களைப்பையும் எழுத வேண்டும். என் குழாயைக் கொதிநீரில் போடுவது அவள். எனக்கு வரும் அழைப்புகளை எடுப்பது அவள். கடைக்காரர், மருத்துவர், மைத்துனி, எல்லோருக்கும் என் சார்பில் பதில் சொல்வதும் அவள்தான். ஒரு வாயை இரண்டு பேருக்கு வைத்துச் சமாளிக்கிறாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

சாப்பிடும்போது கேட்டாள். “ஆபீசுக்கு என்னதான் சொல்லட்டும்?”

தட்டினேன். மணி. மறுபடி தட்டப் போனேன். இந்தத் தடவை மணி இல்லை. ஆனால் முதல் எழுத்துக்கு முன்பே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உண்மையிலேயே போக வேண்டுமா? முதல் தடவை தட்டும்போது இருக்கும் ஆசை இரண்டாம் தடவை இருப்பதில்லை. ஒரே செய்தியைத் திரும்ப எழுதச் சொன்னால் சப்பென்று வருமே, அப்படி.

விரல் நின்றது. அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிப்ரவரி 13, வெள்ளி

மாத்திரை போட்டுக்கொண்டு மதியம் முழுவதும் தூங்கிவிட்டேன். யாரும் எழுப்பவில்லை.

பிப்ரவரி 14, சனி

கமாவிடமிருந்து செய்தி வந்தது. உதவி ஆசிரியர். காற்புள்ளிக்காகச் சண்டை போடுகிறவர் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பேர். ‘ஓய்வுக்கு வாழ்த்துகள் அண்ணே. நீங்க இல்லாம கோர்ட் செய்தி எப்படி இருக்குமோ.’

யாருடைய ஓய்வு? யார் கேட்டது?

நேற்று நான் தூங்கும்போது மனைவி ஆசிரியருக்குச் சொல்லிவிட்டாளாம். அவருக்கு விருப்பம் இல்லை என்று. ஒரு வார்த்தை கேக்கல. ஒரே ஒரு வார்த்தை. எழுப்பிக் கேட்டா என்ன? நான் செத்தா போயிட்டேன்? பேச்சுதானே போச்சு—

போனை எடுக்கவில்லை. தாளில் பெரிய எழுத்தில் ‘யார் சொன்னது?’ என்று எழுதி அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“நீங்கதான். கையை ஆட்டினீங்க. ஒரு தடவையா, ரெண்டு தடவையா? எத்தனை நாள் கேட்டேன். வேணும்னா வாயத் தொறந்து—”

அங்கே நிறுத்திக்கொண்டாள்.

பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 15, ஞாயிறு

அவளும் பேசவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

போனைச் சாப்பாட்டு மேசையில் விட்டுவிட்டு மாடியில் துணி உலர்த்தப் போயிருந்தேன். மணி அடித்தது. நான் வரவில்லை. அடித்துக்கொண்டே இருக்கவும் அவள் போய்த் தொட்டு நிறுத்தியிருக்கிறாள். செயலி திறந்துகொண்டது. அதிலிருந்து வெளியே வரலாம் என்று, கீழே இருக்கும் பின்னால் போகும் அம்புக்குறியைத் தொட்டிருக்கிறாள். நான் அதைத் தொட்டதே இல்லை. தொட்டால் செயலி மூடிக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன்.

மூடவில்லை. இன்னொரு வெள்ளைப் பெட்டி வந்தது. மறுபடி தொட்டாள். இன்னொன்று, காலி. இப்படி எத்தனையோ காலிப் பெட்டிகள். இன்னொன்று. அதில் எழுத்து இருந்தது.

“இங்க வாங்க” என்று கூப்பிட்டாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. ஈரத்துணியோடு இறங்கி வந்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைக் கையில் பிடித்து நின்றாள். ‘பேசு’ என்பதைத் தொட்டாள். தம்பி வாசித்தான்.

“போகணும். கோர்ட்டுல வாய் எதுக்கு, காது போதுமே, எனக்குக் காது”

அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமையின் வாக்கியம். முதல் தடவை தட்டியது.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு மணிக்கும் பழைய பக்கம் அழியவில்லை. அதன்மேல் புதுப் பக்கம் ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் மேலே இருந்ததை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அம்புக்குறியைத் தொட்டாள். காலி, காலி, காலி. தண்ணீர் குடித்த வேளைகள். பிறகு தம்பி:

“அவ கத்தறதுக்கு நான் என்ன கிணத்துக்குள்ளயா”

என் மனைவி சிரித்துவிட்டாள். தங்கை வந்த நாள். தாண்டிய பக்கம் திரும்ப வராது என்று புரிந்தபின், தொடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒரு முறை பேசவைத்தாள்.

“நீ இன்னும் சாப்பிடல, முதல்ல”

“ரசீது மேசை டிராயர்ல இல்ல, அந்த”

“இன்னிக்கு நீ அழுதியா, கண்ணு ஏன்”

 இதை எப்போது தட்டினேன் என்று எனக்கு நினைவில்லை. அவளுக்கு நினைவிருந்தது என்று முகத்தில் தெரிந்தது.

அப்படியே பின்னால் பின்னால் போய், ஆசிரியர் அழைத்த வெள்ளிக்கிழமைக்கு வந்தோம். தம்பி தன் செய்திக் குரலில்:

“வரேன்னு சொல்லு. ஆனா”

அவள் எதிரே உட்கார்ந்தாள். “அழிக்கறீங்கன்னு நெனச்சேன். சொல்ல வந்துட்டு, இவகிட்ட என்னத்தச் சொல்றதுன்னு அழிச்சுடறீங்கன்னு.”

தலையை ஆட்டினேன். இல்லை.

“சரி. ஆனா, என்ன? ஆனான்னு நிக்குதே.”

போனை என் பக்கம் நகர்த்தினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டுக்கணக்கில் அடுத்தவர் சொன்னதைச் சொல் மாறாமல் நினைவில் வைத்து எழுதியவன். என்னுடைய ‘ஆனா’வுக்குப் பிறகு என்ன வர இருந்தது என்று எனக்கு நினைவில்லை. யோசித்தேன். அவள் காத்திருந்தாள். இடையில் எதையும் எடுத்துக்கொடுக்கவில்லை.

கடைசியில் தட்டினேன். ‘பேசு’ என்பதைத் தொடவில்லை. போனைத் திருப்பிக் காட்டினேன். ‘பயமா இருக்கு.’

படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

“எனக்கும்தான். அதான் நீங்க கையை ஆட்டினதும் சட்டுனு பிடிச்சுக்கிட்டேன். அங்க போய் உங்களுக்கு மூச்சு அடைச்சா யார் பாப்பா? கையை ஆட்டினது வசதியாப் போச்சு எனக்கு.”

துணி இரண்டு பேருக்கும் நடுவில் மேசைமேல் கிடந்து ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

பேச்சுப் பயிற்சியாளரிடம் சொன்னோம். அவர் செயலிக்காரர்களைக் கேட்டு, அவர்கள் பதிலை அனுப்பினார். நினைவூட்டலைத் தொட்டால் ஏற்கெனவே திறந்திருக்கும் பக்கமே முன்னால் வர வேண்டும்; எங்கள் பிழையால் அதன்மேல் புதிய பக்கம் திறக்கிறது; பழையது அடியில் அப்படியே இருக்கும்; அடுத்த பதிப்பில் சரியாகிவிடும்; அதுவரை பட்டையைத் தொடாமல் பக்கவாட்டில் தள்ளிவிடவும். சுருக்கமான, முழுமையான செய்தி. திருத்த எதுவும் இல்லை.

மனைவி ஆசிரியரை அழைத்தாள். ஸ்பீக்கர்.

“நான் தப்பாச் சொல்லிட்டேன் சார். அவருக்கு வரணும்னுதான் இருக்கு.”

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம். “விளையாட்டுப் பக்கத்துப் பையன் நேத்தே கோர்ட்டுக்குப் போயாச்சேம்மா. இப்ப வான்னா வந்து, போன்னா போறதுக்கு அவனும் மனுஷன்தானே. வெள்ளிக்கிழமை வரச் சொல்லுங்க. பாப்போம்.”

‘பாப்போம்’ என்று அவர் சொல்லி எத்தனையோ செய்திகள் வெளிவராமல் போயிருக்கின்றன. எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 20, வெள்ளி

அலுவலகத்துக்குத் தனியாகப் போனேன். துணைக்கு வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். கழுத்துத் துண்டை இரண்டு தரம் சரிசெய்துவிட்டு அனுப்பினாள்.

என் நாற்காலியில் யாரோ பை வைத்திருந்தார்கள். கமா எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். வேறு சிலர் கழுத்தைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்கள். பயந்த அளவு இல்லை. பயந்ததில் பாதி இருந்தது.

ஆசிரியர் சுற்றி வளைக்கவில்லை. “அவனை முழுசா எடுக்க முடியாது. வாரத்துல ரெண்டு நாள் கோர்ட் உங்களுக்கு. மூணு நாள் அவன். இதுக்கு மேல என்னால முடியாது.”

படியேறியதிலேயே எனக்கு மூச்சு வாங்கியிருந்தது. ‘ரெண்டு நாள் போதும் சார், எனக்கும் இப்போ அவ்வளவுதான் முடியும்’ என்று தட்ட ஆரம்பித்தேன். பாதியில் பட்டை இறங்கியது. பக்கவாட்டில் தள்ளிவிட்டுத் தொடர்ந்தேன். நீளமான வாக்கியம். அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவைத் திறந்தார், மூடினார். மேசைமேல் இருந்த தாள்களை அடுக்கினார்.

“கோவம் எனக்குப் புரியுது” என்றார்.

நான் தட்டிக்கொண்டிருந்தேன்.

“இவ்ளோ வருஷம் வேல பாத்தவருக்கு ரெண்டு நாள்னா... புரியுது.”

‘முடியும்’ வரை வந்துவிட்டேன்.

“சரி, மூணு. ரெண்டு நாள் அவன் போகட்டும். அவன்கிட்ட நான் பேசிக்கறேன்.”

பெட்டியில் இருந்ததை ஒருமுறை படித்தேன். பிறகு நானே, என் விரலால், எழுத்தெழுத்தாக அழித்தேன். ‘சரி’ என்று மட்டும் தட்டிப் பேசவைத்தேன். தம்பி அதைத் தேர்தல் முடிவு போல அறிவித்தான்.

வீட்டில் அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மூன்று விரலைக் காட்டினேன்.

“மூணு நாளா? ரெண்டுக்கு மேல தேறாதுன்னு உங்க கமா காலையிலேயே ஃபோன்ல சொன்னாரே. என்ன சொல்லி மூணாக்கினீங்க?”

போனை எடுத்தேன். சொல்வதற்கு நீளமான கதை. முதல் வரியைத் தட்ட ஆரம்பித்தேன். அவள் பட்டாணியை ஓரமாகத் தள்ளிவிட்டு, நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.