காலைப் பள்ளிக்கூடத்துப் பால்

நேற்று ஸ்ரீரங்கம் பஸ்ஸில் எவளோ ஒருத்தி கூடையில் கருவாடு கொண்டுவந்தாள். வண்டி பாலத்தில் ஏறுவதற்குள் பாதிப் பேர் மூக்கில் துணியை வைத்துக்கொண்டார்கள். என் பக்கத்து மாமி, இறங்கும்வரை மூச்சே விடுவதில்லை என்று சங்கல்பம் செய்துகொண்டவள் போலக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் மட்டும் நன்றாக இழுத்து இழுத்து மூச்சு விட்டேன். மடிசாரோடு உட்கார்ந்து கருவாட்டை அனுபவித்தவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என்ன செய்வது, அது உன் வீட்டு வாசனை. நீ போய்ப் பதினைந்து நாளாகிறது. உனக்காக அழ எனக்கு ஒரு கருவாட்டுக் கூடை தேவைப்பட்டது.

மாசி கழிந்தால் ஊரெல்லாம் வெயிலுக்குப் பயப்படும். டீச்சர்களான நாம் இருவரும் பள்ளிக்கூட மணிக்குப் பயந்தோம். பத்துக்கு அடிக்கிற மணி பங்குனியில் ஏழுக்கே அடிக்கும். பெண்குழந்தைகள் வெயிலில் வாடக்கூடாது என்று காலைப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். டீச்சர் பெற்ற குழந்தை வாடினால் பள்ளிக் கமிட்டிக்கு என்ன?

என் வீட்டுக்காரருக்குக் கோயிலில் மரியாதை உண்டு, பிரசாதம் உண்டு. சம்பளம் என்ற ஒன்றுதான் கிடையாது. ஆகவே நான் படித்த படிப்புதான் எங்கள் அடுப்பை எரித்தது. என் மாமியாரோ விடியற்காலையில் மடி உடுத்தினால், தளிகை ஆகிப் பெருமாளுக்குக் காட்டி முடிக்கும்வரை குழந்தை அலறினாலும் தொடமாட்டார். ஆறு மாதப் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நான் தென்னூர்ப் பள்ளிக்கூட வாசலில் ஜட்காவிலிருந்து இறங்கிய கோலத்தைப் பார்த்து நீதான் வழி சொன்னாய்.

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடிதான் என் வீடு. எங்கம்மா என் மகளைப் பாத்துக்குது. இன்னொரு தொட்டில் கட்ட விட்டத்துல இடமிருக்கு. விட்டுட்டு வாங்க டீச்சர்."

கடைசி வரை நீ என்னை 'நீங்க' என்றே சொன்னாய். நான் முதல் நாளே 'நீ' போட்டுவிட்டேன். அதைப் பாசம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெயில் ஏற ஏறப் பசும்பால் திரிந்தது. பாலாடையில் புகட்டினால் என் மகன் துப்பினான், துப்பாததைக் கக்கினான். வயிறு கெட்டுக் கண் குழிந்துபோயிற்று. எனக்கு மூன்று பீரியட் தொடர்ந்து வகுப்பு. தையல் டீச்சரான உனக்கு இரண்டாவதில் ஓய்வு. ஒருநாள் பெண்களைக் கணக்குப் போடச் சொல்லிவிட்டு, மனசு கேட்காமல் ஓடி வந்தேன். உன் மடியில் ஒரு பக்கம் உன் மகள், மறுபக்கம் என் மகன். வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். நீ தலையைத் தூக்காமலே பேசினாய்.

"இவன் போட்ட கூச்சல்ல, கோயில்ல சங்கு ஊதுறாங்கன்னு பக்கத்து வீட்டுல கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. வாயை அடைக்கணும்ல? கோவிச்சுக்கிறதா இருந்தா, குடிச்சு முடிச்சப்புறம் கோவிச்சுக்குங்க."

கோபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது, என்னிடம் அவன் அவ்வளவு நிம்மதியாகக் குடித்ததில்லை. பிறகு அதுவே வழக்கமாயிற்று. கடைசிப் பீரியடில் உன் மகள் அழுதால் நான் கொடுத்தேன். உன் அம்மாவுக்கு மட்டும் அதில் ஒரு கவலை. இந்தப் பாலைக் குடித்தால் நாளைக்கு இது கறி தின்னுமா என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டார்.

அந்தக் கோடையில் ஊர்க் குழந்தைகளெல்லாம் வாடிக் கிடக்க, என் மகன் பூசணிக்காய் போல உருண்டான். அதுதான் வினையாயிற்று. குழந்தை அழுதாலும் விடாத மடியை விட்டுவிட்டு, என் மாமியார் ஒருநாள் வண்டி வைத்துக்கொண்டு தென்னூருக்கே வந்தார். வாசலில் நின்று பார்த்தார். நீ பால் குடித்துக்கொண்டிருந்த அவனை இறக்கிவிடாமலே, உள்ளே வாங்க, மோர் தரட்டுமா என்று கேட்டாயாம். அப்படியே வண்டிக்குத் திரும்பிவிட்டார்.

மத்தியானம் நான் வீடு போனபோது கிணற்றடியில் அண்டா நிறையத் தண்ணீர் காத்திருந்தது. எனக்கு ஸ்நானம், குழந்தைக்கு ஸ்நானம், வைதிக வாத்தியாரை அழைத்துத் தீட்டுக் கழியப் புண்யாகவசனம். மந்திரத் தண்ணீரைத் தெளித்தபோது என் மகன் திருப்தியாக ஓர் ஏப்பம் விட்டான். இது இந்த நாலு சுவரைத் தாண்டக்கூடாது என்று மாமியார் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அவர் மட்டும் தாண்டினார். கமிட்டிக் காரியதரிசி அவருக்கு ஒன்றுவிட்ட தம்பி. தையல் டீச்சர் பள்ளி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடுகிறாள் என்று சொன்னார், அவ்வளவுதான். விடுமுறை விட்ட அன்று, திறக்கும்போது நீ வரவேண்டாம் என்றார்கள். பள்ளி நேரத்தில் அதே வீட்டுக்கு ஓடியவள்தான் நானும். என்னை ஒருவரும் கேட்கவில்லை. காரியதரிசியிடம் உள்ளதைச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். நீ என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாய்.

"சொன்னா உங்களையும் வீட்ல உக்கார வைப்பாங்க. அப்புறம் உங்க புள்ளைக்கு யாரு சோறு போடறது? உங்க பெருமாளா? நான் ரவிக்கை தச்சாவது பொழைச்சுக்குவேன். நீங்க போங்க டீச்சர்."

தைத்தாய். இருபது வருஷத்துக்கு மேல் தைத்தாய். காரியதரிசி வீட்டுப் பெண்களுக்கும் தைத்தாய். உன் கைபட்டதை நனைத்து உலர்த்தி உடுத்திக்கொண்டார்கள். நான் ஹெட்மிஸ்ட்ரஸ் ஆனேன். கோடை விடுமுறைக்கு முன்னால் தாய்மார்களைக் கூட்டி, குழந்தை வளர்ப்பைப் பற்றி வருஷா வருஷம் பிரசங்கம் செய்கிறேன். பிரமாதமாகக் கைதட்டுகிறார்கள்.

நீ போன செய்தியை உன் மகள் சொல்லியனுப்பினாள். தென்னூர் வரை துணைக்கு வா என்று என் மகனைக் கூப்பிட்டேன். தையற்காரம்மா போனதற்கெல்லாம் நாம் ஏன் போகவேண்டும், அந்த வீட்டுக்குப் போய்வந்தால் தீர்த்தமாட வேண்டும், ஆபீஸுக்கு நேரமாகிவிடும் என்றான். பாட்டி போய்ச் சேர்ந்தும் பேச்சை இவனிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். நான் தனியாக வந்தேன். உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யாரோ வாசலைப் பார்த்து, "தம்பி வரலீங்களா?" என்று கேட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனை எழுப்பினேன். "உனக்குப் பெரியம்மா முறை ஆகணும் ஒருத்தி, போயிட்டா. காவேரிக்குப் போய்த் தீர்த்தமாடிட்டு வரலாம், வா."

"யாரும்மா?"

"சொன்னா உனக்குத் தெரியாது. கைக்குழந்தையா இருக்கச்சே உன்னைப் பார்த்துண்டவ."

அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. வராதபடிதானே வளர்த்திருக்கிறோம். ஆற்றில் முழுகத் தண்ணீர் இல்லை. மணலில் நடந்து, கணுக்கால் ஆழத்தில் உட்கார்ந்து, செம்பால் மொண்டு மொண்டு தலையில் விட்டுக்கொண்டான். தெற்கே பார்த்து உட்காரச் சொன்னேன். சாஸ்திரம் என்று நினைத்து மறுபேச்சில்லாமல் திரும்பினான். எதிர்க்கரைக்கு அப்பால், மலைக்கோட்டைக்கும் பின்னால், உன் தெரு இருந்தது.

ஈரத்தோடு எழுந்து வந்து, "அந்தப் பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லையாம்மா?" என்றான்.

"ஒருத்தன் இருக்கான்."

"காரியத்துக்கு வந்தானா?"

துண்டை நீட்டினேன். அவன் தலையைத் துவட்டிக்கொண்டு முன்னால் நடந்தான்; அவனுக்குச் சொல்லவேண்டிய அந்த ஒரு வாக்கியத்தோடு நான் பின்னால் நடந்தேன். இன்னும் அப்படியேதான் நடந்துகொண்டிருக்கிறேன்.