தவமலர் அக்கா சொன்ன ‘நோ’

பலேர்மோ, வியாழக்கிழமை

இஞ்சாருங்கோ,

போனிலை கதைச்சால் கத்திப்போடுவன். அதுதான் எழுதிறன்.

நேர்ஸிங் படிச்சு முடிச்சும், லைசன்ஸ் சோதினை எழுதுமட்டும் இந்தக் கிளினிக்கிலை நான் கட்டில் விரிப்பு மாத்திறவள்தானே. அதுவரைக்கும் வாயைத் திறக்காதை எண்டு நீங்களும் ஜெனோவாவிலை இருந்து ஒவ்வொரு நாளும் சொல்லுறியள்.

தவமலர் அக்கா வயித்திலை ஒப்பரேஷன் முடிஞ்சு இஞ்சை வார்டிலை கிடந்தா. வன்னியிலை இருந்து வந்து ஒரு வருசமாகேல்லை, பாஷை தெரியாது. பெரிய நேர்ஸ் வயித்தைத் தொட்டு, நோகுதோ எண்டு இத்தாலியனிலை கேட்டா. அக்கா, “நோ, நோ” எண்டா. அந்த மனுசி அதை இத்தாலியன் ‘நோ’ எண்டு நினைச்சு, நோவே இல்லையெண்டு எழுதிப்போட்டா! ஒருக்கா இல்லை, மூண்டு தரம். முகத்தைப் பார்க்கக் கண் இல்லையோ? அக்காவுக்கு வேர்த்துக் கொட்டுது.

“எங்கடை பாஷையிலை நோ எண்டால் நோகுது எண்டு கருத்து” எண்டன்.

“நீ இன்னும் நேர்ஸ் இல்லை. விரிப்பை மாத்து.”

மாத்தேல்லை. டொக்டரைக் கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்தன். அவர் வயித்திலை கை வைச்ச உடனை திரும்பவும் ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டு ஓடினாங்கள். அக்கா தப்பிட்டா.

நான் நாளையிலையிருந்து வரவேண்டாமாம்.

பிழை என்னிலைதான் எண்டு மட்டும் பதில் எழுதிப்போடாதேங்கோ. வேலை போனது நோகுதோ எண்டு கேட்டியளெண்டால், நோ. எந்தப் பாஷையிலை எண்டு கேட்கக்கூடாது.

உங்கடை
வாயாடி